கேமலாட்டைக் கட்டிய பத்திரிகைகள்

1960 நவம்பரில் நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜான் எஃப். கென்னடிக்குக் கிடைத்தது 49.7 சதவீத ஓட்டு. அவரை எதிர்த்து நின்ற ரிச்சர்ட் நிக்சனுக்கு 49.5 சதவீதம். ஏறத்தாழ 6 கோடியே 88 லட்சம் பேர் வாக்களித்த தேர்தலில் இருவருக்கும் இருந்த வித்தியாசம் 1 லட்சத்து 13 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. மயிரிழையில் கிடைத்த வெற்றி. மூன்று ஆண்டுகள் கழித்து, 1963 நவம்பர் 22 அன்று, டல்லாஸ் நகரில் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு எடுத்த கருத்துக்கணிப்பில், போன தேர்தலில் கென்னடிக்குத்தான் ஓட்டுப் போட்டதாகச் சொன்னவர்கள் 65 சதவீதம்!

பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படித்தான் ஓட்டுப் போட்டோம் என்று பலரும் மனதார நம்பத் தொடங்கிவிட்டார்கள். துக்கம் அப்படிச் செய்யும். ஆனால் துக்கம் மட்டுமே ஒருவரைப் புராண நாயகராக்கிவிடாது. ஜேம்ஸ் கார்ஃபீல்டும் வில்லியம் மெக்கின்லியும்கூடப் பதவியில் இருக்கும்போது சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க அதிபர்கள்தான். அவர்களைப் பற்றி இன்று யார் பேசுகிறார்கள்? கென்னடிக்கு மட்டும் ஏன் இப்படி ஓர் ஒளிவட்டம் என்று தேடிப்போனால், பத்திரிகை அலுவலகங்களின் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. ஒளிவட்டத்தை வரைந்த கைகள் யாருடையவை, எந்த இதழில், எந்தத் தேதியில் என்று கிட்டத்தட்ட முழுவதுமாகக் காட்டிவிடக்கூடிய அபூர்வமான உதாரணம் இது.

கதை அவர் அதிபராவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்குகிறது. 1943 ஆகஸ்ட் 2 அதிகாலை. பசிபிக் பெருங்கடலில், சாலமன் தீவுகளுக்கு இடையே கென்னடி ஒரு டார்பிடோ படகின் தலைமையில் இருந்தார். வயது 26. பிடி-109 என்ற அந்தப் படகை, இருட்டில் வந்த 'அமகிரி' என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் மோதி இரண்டாகப் பிளந்தது. படகில் இருந்த 13 பேரில் இருவர் இறந்தார்கள். தீக்காயம் பட்ட ஒரு மாலுமியின் உயிர்காப்பு அங்கியின் வாரைப் பல்லால் கவ்வி இழுத்தபடியே கென்னடி மணிக்கணக்கில் நீந்தி ஒரு சின்னத் தீவில் கரையேறினார். சில நாள் கழித்து, தேங்காய் ஓட்டில் அவர் கீறி எழுதிய செய்தியைத் தீவுவாசிகள் இருவர் எடுத்துச் சென்று சேர்த்த பிறகே மீட்பு வந்தது. இவ்வளவும் நடந்த உண்மை. அந்தத் தேங்காய் ஓடு பின்னாளில் வெள்ளை மாளிகையில் அதிபரின் மேசைமேல் இருந்தது.

போரில் இப்படித் துணிச்சல் காட்டியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். அவர்களுக்கு ஜான் ஹெர்சி கிடைக்கவில்லை. ஹெர்சி அந்தக் காலத்து அமெரிக்காவின் தலைசிறந்த செய்தி எழுத்தாளர்களில் ஒருவர். ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபின் தப்பியவர்களைப் பற்றி 1946இல் எழுதி உலகப்புகழ் பெற்றவர் அவரே. கென்னடிக்கு முன்பே அறிமுகமானவர். பாஸ்டன் மருத்துவமனையில் படுத்திருந்த கென்னடியைச் சந்தித்துப் பேசி, 'நியூயார்க்கர்' இதழில் 1944 ஜூன் மாதம் அந்தக் கதையை எழுதினார். முதலில் தன்னோடு இருந்த மாலுமிகளிடம் பேசிவிட்டு வரும்படி கென்னடியே அவரிடம் சொன்னார் என்பதையும் சொல்லியாக வேண்டும். கட்டுரை நேர்மையானது. ஆனால் அது தப்பிப் பிழைத்த கதை. வேகத்துக்குப் பேர்போன ஒரு டார்பிடோ படகு, பெரிய கப்பலின் மூக்கு நேரே எப்படிப் போய் மாட்டியது என்பது அதன் மையக் கேள்வியாக இல்லை.

அங்கேயே நின்றிருந்தால் அது ஒரு நல்ல போர்க்காலக் கட்டுரையாக முடிந்திருக்கும். கென்னடியின் தந்தை ஜோசப் கென்னடி விடவில்லை. பெரும் பணக்காரர், பிரிட்டனில் அமெரிக்கத் தூதராக இருந்தவர், பத்திரிகை அதிபர்களோடு நெருங்கிப் பழகியவர். 'நியூயார்க்கர்' படிப்பவர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பது அவருக்குத் தெரியும். 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' கட்டுரையைச் சுருக்கி வெளியிட ஏற்பாடு செய்தார். 1946இல் மகன் பாஸ்டனில் நாடாளுமன்றத் தேர்தலுக்கு நின்றபோது அந்தச் சுருக்கத்தின் பிரதிகள் சுமார் ஒரு லட்சம் தொகுதிக்குள் போயின. 1960 பிரச்சாரத்தில் பிடி-109 வடிவத்தில் டை கிளிப்புகள். பதவியேற்பு ஊர்வலத்தில் அதே மாதிரி ஒரு படகு. 1963இல் ஹாலிவுட் படம். நீங்கள் எப்படி வீரரானீர்கள் என்று ஒரு சிறுவன் கேட்டதற்கு, என் விருப்பமே இல்லாமல்தான், என் படகை அவர்கள் மூழ்கடித்துவிட்டார்கள் என்று கென்னடி பதில் சொன்னார். தன் கதையைப் பற்றி அவர் வைத்திருந்த மதிப்பீடு, அதை அச்சிட்டவர்களின் மதிப்பீட்டைவிடத் தெளிவாக இருந்திருக்கிறது.

அடுத்து ஒரு புத்தகம். 1956இல் வெளியான 'ப்ரொஃபைல்ஸ் இன் கரேஜ்', மனச்சாட்சிப்படி நின்ற அமெரிக்க செனட்டர்கள் எட்டுப் பேரைப் பற்றியது. அதற்கு 1957இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. நடுவர் குழு தந்த பரிந்துரையில் அந்தப் புத்தகமே இல்லை. 'நியூயார்க் டைம்ஸ்' பத்தி எழுத்தாளரும் கென்னடி குடும்பத்தின் நண்பருமான ஆர்தர் க்ராக் பரிசு வாரியத்தில் இருந்தவர்களிடம் அதற்காகப் பேசினார். புத்தகத்தை எழுதியது வேறொருவர் என்று ட்ரூ பியர்சன் என்ற பத்திரிகையாளர் 1957 டிசம்பரில் தொலைக்காட்சியில் சொன்னார். கென்னடி தரப்பு வழக்குப் போடுவதாக எச்சரித்ததும் ஏபிசி நிறுவனம் மறுப்பு வெளியிட்டது. ஐம்பது ஆண்டு கழித்து, 2008இல், கென்னடியின் உதவியாளர் டெட் சோரன்சன் தன் நினைவுக் குறிப்பில், பெரும்பாலான அத்தியாயங்களின் முதல் வடிவத்தைத் தானே எழுதியதாக ஒப்புக்கொண்டார். அதற்குள் அந்தப் புத்தகம் எத்தனையோ பள்ளிகளில் பாடமாகிவிட்டது.

பத்திரிகைத் தொழிலின் உள்நடப்பைக் கென்னடி தம்பதியர் நன்றாகவே அறிந்திருந்தார்கள். 1945இல் கென்னடி ஹெர்ஸ்ட் பத்திரிகைகளுக்குச் செய்தியாளராக வேலை பார்த்தவர். ஐ.நா. சபையை உருவாக்கிய சான்ஃபிரான்சிஸ்கோ மாநாட்டுக்கு அப்படித்தான் போனார். மனைவி ஜாக்குலின், திருமணத்துக்கு முன் 'வாஷிங்டன் டைம்ஸ்-ஹெரால்ட்' நாளிதழில் கேமராவும் கையுமாகத் தெருவில் போகிறவர்களை நிறுத்திக் கேள்வி கேட்டுப் பத்தி எழுதியவர். எந்தப் படம் முதல் பக்கத்துக்குப் போகும், எது போகாது என்பதை இருவரும் அலுவலகத்துக்குள்ளேயே இருந்து கற்றவர்கள்.

1961 ஜனவரி 25 அன்று கென்னடி நடத்திய செய்தியாளர் சந்திப்பு தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பானது. ஓர் அமெரிக்க அதிபரின் சந்திப்பு அப்படி நேரலையாகப் போனது அதுவே முதல்முறை. கேள்வி கேட்கும் நிருபர்களும் அந்தக் காட்சியில் பாத்திரங்களாகிப் போனார்கள். மாலை நேரங்களில் வெள்ளை மாளிகை விருந்துகளில் 'நியூஸ்வீக்'கின் பென் பிராட்லி போன்ற நண்பர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். அன்று பேசியதை உடனே எழுத மாட்டார்கள் என்ற எழுதப்படாத உடன்பாடு இருந்தது. பிராட்லி தன் குறிப்புகளைப் புத்தகமாக்கியது 1975இல்.

நண்பர்கள் எழுதாமல் விட்டது எவ்வளவு என்று பின்னால்தான் தெரிந்தது. கென்னடிக்கு அடிசன் நோய் இருந்தது. அட்ரினல் சுரப்பி செயலிழக்கும் அந்த நோய் 1947லேயே லண்டனில் கண்டறியப்பட்டது. 1960இல் கட்சி வேட்பாளர் போட்டியில் கென்னடியை எதிர்த்த லிண்டன் ஜான்சனின் ஆதரவாளர்கள் இதை நிருபர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார்கள். கென்னடி தரப்பு மறுத்தது, பத்திரிகைகள் அந்த மறுப்போடு நிறுத்திக்கொண்டன. முதுகுவலி, குடல் உபாதை, அவற்றுக்காக அவர் எடுத்துக்கொண்ட மருந்துகளின் நீளமான பட்டியல் எல்லாம் 2002இல் வரலாற்றாசிரியர் ராபர்ட் டேலக் மருத்துவ ஆவணங்களைப் பார்த்து எழுதிய பிறகே வெளியே வந்தன. மக்கள் கண்டதோ பாய்மரப் படகில் காற்று முடியைக் கலைக்கச் சிரித்துக்கொண்டிருக்கும் ஓர் இளைஞரை. அவருடைய பெண் தொடர்புகள் பற்றி வாஷிங்டன் நிருபர்கள் வட்டத்தில் பேச்சு இருந்தும் அச்சில் அநேகமாக எதுவும் வரவில்லை. அன்றைய வழக்கம் அது என்று சொல்லிவிடலாம். உடல்நிலை விஷயத்தில் அந்தச் சமாதானம் செல்லாது. அணு ஆயுதப் பொத்தானுக்கு அருகில் இருப்பவரின் உடல்நிலை தனிப்பட்ட விஷயம் ஆகாது.

1962 அக்டோபரில் கியூபா ஏவுகணை நெருக்கடி வந்தது. சோவியத் யூனியன் கியூபாவில் வைத்த ஏவுகணைகளால் உலகம் அணுப்போரின் விளிம்புக்குப் போய்த் திரும்பியது. கென்னடி கண் சிமிட்டாமல் நின்றார், சோவியத் தலைவர் குருஷ்சேவ் பின்வாங்கினார் என்பதுதான் பத்திரிகைகள் சொன்ன கதை. உண்மையில் அக்டோபர் 27 இரவு, அதிபரின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதர் டோப்ரினினைச் சந்தித்து, துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகள் எடுக்கப்படும், ஆனால் இது வெளியே தெரியக்கூடாது என்று பேசி முடித்திருந்தார். கொடுக்கல் வாங்கல் மூலமாகத்தான் உலகம் பிழைத்தது.

இரண்டு மாதத்துக்குள் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் நெருக்கடியின் உள்கதை என்று ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஸ்டூவர்ட் ஆல்சாப்பும் சார்லஸ் பார்ட்லெட்டும். பார்ட்லெட் யார் தெரியுமா? கென்னடியையும் ஜாக்குலினையும் தன் வீட்டு விருந்தில் அறிமுகப்படுத்தி வைத்தவர். துருக்கி ஏவுகணைகளை விட்டுக்கொடுத்துச் சமாதானமாகப் போகலாம் என்று யோசனை சொன்ன, ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சனை, ஹிட்லரிடம் பணிந்துபோன மூனிக் ஒப்பந்தத்துக்கு ஆசைப்பட்டவர் என்று அந்தக் கட்டுரை இழிவுபடுத்தியது. அதிபர் ரகசியமாகச் செய்துமுடித்த காரியத்தைத்தான் ஸ்டீவன்சன் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்! அச்சுக்குப் போகும் முன் கென்னடியே அந்தக் கட்டுரையைப் படித்துத் திருத்தினார் என்பது வெகுகாலம் கழித்துத் தெரியவந்தது. ஸ்டீவன்சன் 1965இல் இறந்தார். அந்தக் களங்கம் துடைக்கப்படுவதை அவர் பார்க்கவில்லை. துருக்கி ஒப்பந்தம் எவ்வளவு தெளிவானது என்பதை 1989இல் மாஸ்கோவில் நடந்த ஒரு மாநாட்டில் சோரன்சன்தான் ஒப்புக்கொண்டார்.

இந்தக் கட்டுக்கதைக்கு ஒரு விலை இருந்தது. அமெரிக்காவின் அடுத்த தலைமுறைத் தலைவர்கள், விறைத்து நின்றால் எதிரி பின்வாங்குவான் என்ற பாடத்தையே கியூபாவிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். பேரம் பேசிய கென்னடி, விறைத்து நின்ற கென்னடியைவிட மேலான தலைவர். அந்த மேலான மனிதரைத்தான் பத்திரிகை மறைத்தது.

டல்லாஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின்னான நான்கு நாட்கள் அமெரிக்கத் தொலைக்காட்சிகள் விளம்பரத்தை நிறுத்திவிட்டு வேறெதுவும் காட்டவில்லை. ஆபிரகாம் லிங்கனுக்கு நடந்ததுபோலவே இறுதிச் சடங்கு நடக்க வேண்டும் என்று ஜாக்குலின் சொல்லியனுப்ப, 1865இல் என்ன செய்தார்கள் என்று இரவோடு இரவாக நூலகத்தில் தேடி எடுத்தார்கள். லிங்கனின் சவப்பெட்டி வைக்கப்பட்ட அதே மேடை. சவாரி செய்ய ஆளில்லாமல், அங்கவடிகளில் பின்னோக்கிச் செருகிய பூட்ஸோடு நடந்த கறுப்புக் குதிரை. நவம்பர் 25 அன்று மூன்று வயது நிறைந்த மகன், தந்தையின் சவப்பெட்டிக்கு வைத்த சல்யூட். அணையா விளக்கு. அத்தனையும் உண்மையான துயரம், அத்தனையும் கேமராவுக்குத் தெரியும்படி அமைக்கப்பட்ட துயரம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை.

நவம்பர் 29, வெள்ளிக்கிழமை. தியோடர் எச். ஒயிட் நியூயார்க்கில் பல் மருத்துவரிடம் போயிருந்தபோது அவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. ஜாக்குலின் பேச விரும்புகிறார். ஒயிட் சாதாரண நிருபர் அல்ல. 1940களில் சீனாவிலிருந்து 'டைம்' இதழுக்குப் போர்ச்செய்தி எழுதியவர். 1960 தேர்தலைப் பற்றி அவர் எழுதிய 'தி மேக்கிங் ஆஃப் தி பிரெசிடென்ட்' புலிட்சர் பரிசு வாங்கியது. கென்னடியை அதில் காவிய நாயகனைப்போலவே தீட்டியிருந்தார். வாரா வாரம் சுமார் 70 லட்சம் பிரதிகள் விற்ற 'லைஃப்' இதழோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. புயல்மழையில் விமானம் கிடைக்காமல், வாடகைக் காரில் மாசசூசெட்ஸின் ஹையானிஸ் போர்ட் வீட்டுக்குப் போனார். அவருடைய தாய்க்கு அன்று மாரடைப்பு ஏற்பட்டிருந்தது. அதையும் விட்டுவிட்டுப் போனார்.

'லைஃப்' அச்சகத்தில் எந்திரங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30,000 டாலர் செலவு.

ஒரு வாரத்துக்கு முன் கணவனின் ரத்தம் தோய்ந்த உடையோடு உலகம் பார்த்த 34 வயதுப் பெண், ஒப்பனை இல்லாமல் உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசினார். டல்லாஸ் காரில் நடந்ததைப் பேசினார். மீண்டும் மீண்டும் ஒரு விஷயத்துக்கு வந்தார். கசந்துபோன கிழவர்கள் சரித்திரம் எழுதுவார்கள், அவர்கள் கையில் ஜாக்கை, அதாவது கென்னடியை, விட்டுவிடக்கூடாது. கென்னடி இரவில் தூங்கப்போகும் முன் இசைத்தட்டு கேட்பார், அவருக்குப் பிடித்தது 'கேமலாட்' இசை நாடகத்தின் கடைசிப் பாட்டு என்றார். ஆர்தர் அரசன், வட்ட மேசை வீரர்கள், சிறிது காலமே நிலைத்த கேமலாட் என்ற பொன்னான ராஜ்யம் என்று போகும் அந்த நாடகம் 1960 டிசம்பரில் பிராட்வேயில் அரங்கேறியது. அதன் வசனகர்த்தாவும் பாடலாசிரியருமான ஆலன் ஜே லெர்னர், கென்னடியோடு பள்ளியிலும் ஹார்வர்டிலும் படித்தவர். பெரிய அதிபர்கள் இனியும் வருவார்கள், ஆனால் இன்னொரு கேமலாட் வராது என்பதுதான் ஜாக்குலின் சொல்ல வந்தது.

நள்ளிரவு தாண்டியதும் ஒயிட், வேலைக்காரர்களுக்கான ஓர் அறையில் உட்கார்ந்து 45 நிமிடத்தில் கட்டுரையைத் தட்டச்சு செய்தார். ஜாக்குலின் பென்சிலை எடுத்துத் திருத்தினார், சேர்த்தார், அடித்தார். அதிகாலை 2 மணிக்குச் சமையலறைத் தொலைபேசியிலிருந்து ஒயிட் அதை வரி வரியாக வாசித்துக்காட்ட, மறுமுனையில் ஆசிரியர் குழுவினர் எழுதிக்கொண்டார்கள். கேமலாட் விஷயம் அளவுக்கு மீறிப் போகிறதே, குறைக்கலாமே என்று அவர்களில் ஒருவர் சொன்னார். தொழில் தெரிந்த ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்விதான். பக்கத்தில் நின்றிருந்த ஜாக்குலின் தலையை அசைத்தார். கூடாது. ஒயிட் விட்டுக்கொடுக்கவில்லை. கேமலாட் அப்படியே இருந்தது.

1963 டிசம்பர் 6 தேதியிட்ட 'லைஃப்' இதழில் சுமார் ஆயிரம் சொற்களில் கட்டுரை வந்தது. கென்னடியின் ஆட்சிக்கு அதற்கு முன் யாரும் பொதுவில் கேமலாட் என்று பெயர் சூட்டியதில்லை. அதற்குப் பின் வேறு பெயரே இல்லாமல் போயிற்று.

கட்டுரையில் பொய் என்று சுட்டிக்காட்டக்கூடிய வரி எது? எதுவுமில்லை என்றே சொல்லலாம். ஒரு விதவை சொன்னதை நிருபர் எழுதினார். ஆனால் பேட்டி கொடுத்தவர் தன் கைப்படக் கட்டுரையைத் திருத்தினார் என்பதும், மையக் கருத்தையே அவர்தான் வலியுறுத்தினார் என்பதும், ஆசிரியரின் ஆட்சேபம் சமையலறையிலேயே தள்ளப்பட்டது என்பதும் வாசகருக்குச் சொல்லப்படவில்லை. எழுதியவர் தேசத்தின் மிகப் பெரிய அரசியல் எழுத்தாளர் என்பதால், அது ஒரு மனைவியின் ஏக்கமாகப் படிக்கப்படாமல் சரித்திரத்தின் தீர்ப்பாகப் படிக்கப்பட்டது.

ஏறத்தாழ அதே நாட்களில் கடைகளில் இருந்த இன்னொரு இதழ் 'லுக்'. அதில் ஸ்டான்லி ட்ரெட்டிக் எடுத்த படங்கள் இருந்தன. அதிபரின் மேசைக்கு அடியில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்துகொண்டு மகன் எட்டிப் பார்க்க, மேலே தந்தை ஏதோ வாசித்துக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை அமெரிக்காவில் பார்க்காதவர்கள் குறைவு. குழந்தைகளைப் படமெடுப்பது ஜாக்குலினுக்குப் பிடிக்காது. 1963 அக்டோபரில் அவர் கிரீஸ் போயிருந்த சமயம் பார்த்துத்தான் கென்னடி புகைப்படக்காரரை உள்ளே விட்டார். அடுத்த ஆண்டு தேர்தலுக்காக எடுத்த படம் அது. வெளிவந்தபோது அஞ்சலிப் படமாகிவிட்டது.

பிறகு வேகமாகவே எல்லாம் நடந்தது. விமான நிலையங்கள், பள்ளிகள், சாலைகள் கென்னடி பெயர் பெற்றன. அமெரிக்காவோடு நிற்கவில்லை. 1960களிலும் அதற்குப் பிறகும் பிறந்த தமிழர்களில் கென்னடி என்ற பெயருள்ளவர்களை எளிதாகப் பார்க்கலாம். 1966இல் பிறந்த நடிகர் விக்ரமின் இயற்பெயரும் கென்னடிதான். வில்லியம் மான்செஸ்டர் என்ற எழுத்தாளரைக் கொலை பற்றிய அதிகாரபூர்வ நூலை எழுத அழைத்த ஜாக்குலின், கையெழுத்துப் பிரதியில் சில அந்தரங்க விவரங்கள் இருப்பதைக் கண்டு 1966 டிசம்பரில் வழக்குப் போட்டார். சில பக்கங்கள் நீக்கப்பட்ட பின்பே நூல் வந்தது. துயரத்தில் இருந்த ஒரு மனைவியின் செயல் என்று பார்த்தால் அதில் குற்றம் காண முடியாது. கணவரின் பெயரைக் காப்பாற்ற நினைப்பது எந்த மனைவிக்கும் உள்ள உரிமை. அந்த உரிமை நிருபருக்குக் கிடையாது என்பதே இங்கே விஷயம்.

1970களில் திரை விலகத் தொடங்கியது. 1975இல் செனட் குழு ஒன்று, கியூபத் தலைவர் காஸ்ட்ரோவைக் கொல்ல சிஐஏ மாஃபியாவின் துணையோடு போட்ட திட்டங்களை வெளியிட்டது. நிருபர்கள் முன்பு எழுதாததையெல்லாம் இப்போது போட்டி போட்டு எழுதினார்கள். புராணம் உடைந்திருக்க வேண்டும். உடையவில்லை. காரணம், அம்பலப்படுத்தியவர்களும் அதே மேடையில் நின்றுதான் பேசினார்கள். 1997இல் பத்திரிகையாளர் சீமோர் ஹெர்ஷ் எழுதிய கடுமையான நூலின் தலைப்பே கேமலாட்டின் இருண்ட பக்கம் என்பதுதான். இருண்ட பக்கம் உண்டு என்றால் ஒளிமிகுந்த பக்கமும் உண்டு என்று ஆகிவிடுகிறதல்லவா? தேவதையா, பாவியா என்ற வழக்காக அது மாறியது. மூன்று ஆண்டுகளுக்குள் என்னென்ன செய்தார், எதைச் செய்யத் தவறினார் என்ற சாதாரண அரசியல் கேள்வி பின்னுக்குப் போயிற்று.

அந்தச் சாதாரணக் கணக்கைப் பார்த்தால்தான் மனிதர் தெரிகிறார். கறுப்பின மக்களின் உரிமைக்காக இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தயங்கியவர், 1963 ஜூன் 11 அன்று தொலைக்காட்சியில் தோன்றி அது ஓர் அறநெறிப் பிரச்சினை என்று தெளிவாகப் பேசினார். அவர் கொண்டுவந்த மசோதா, அவர் இறக்கும்போது நாடாளுமன்றத்தில் தேங்கிக் கிடந்தது. அதை 1964இல் நிறைவேற்றியவர், கென்னடிக்குப் பின் அதிபரான லிண்டன் ஜான்சன். 1965இல் வாக்குரிமைச் சட்டத்தையும், முதியோருக்கான மருத்துவக் காப்பீட்டையும் கொண்டுவந்தவரும் அவரே. அழகில்லாத, கரடுமுரடான பேச்சுடைய டெக்சாஸ்காரர். கேமலாட் கதையில் அவருக்கு உரிய இடம், காலியான சிம்மாசனத்தில் வந்து உட்கார்ந்துகொண்டவர் என்பதுதான். கென்னடி பதவியேற்றபோது தெற்கு வியட்நாமில் ஆயிரத்துக்கும் குறைவாக இருந்த அமெரிக்க ராணுவ ஆலோசகர்கள், அவர் இறக்கும்போது சுமார் 16,000. அந்தப் போரின் முழுப்பழியும் ஜான்சன்மேல் விழுந்தது. ஜான்சனுக்குப் பெரும் பொறுப்பு உண்டு, ஆனால் முழுப்பழி நியாயமில்லை. ஒருவருக்குக் கோயில் கட்டும்போது பக்கத்தில் இருந்தவரின் நிலம் போய்விடுகிறது.

2023இல் கேலப் நிறுவனம் எடுத்த கணிப்பில், கென்னடி அதிபராகச் செய்த பணியை ஏற்பதாக அமெரிக்கர்களில் 90 சதவீதம் பேர் சொன்னார்கள். அண்மைக்கால அதிபர்களில் வேறு யாருக்கும் அந்த அளவு இல்லை. பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் அவர் ஆட்சியில் பிறந்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் அறிந்த கென்னடி, அச்சிலிருந்தும் திரையிலிருந்தும் வந்தவர்.

தியோடர் ஒயிட் 1978இல் எழுதிய தன்வரலாற்றில், கேமலாட் என்பது சரித்திரத்தைத் தவறாக வாசித்ததன் விளைவு, அப்படி ஒரு மாயராஜ்யம் இருந்ததே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அன்றிரவு அந்தப் பெண்மணி கேட்டதை மறுக்க மனம் வரவில்லை என்ற பொருளில் விளக்கமும் தந்தார். மனிதத்தன்மையுள்ள பதில்தான். ஆனால் 15 ஆண்டு கழித்து, ஒரு புத்தகத்தின் கடைசிப் பகுதியில் வந்த திருத்தம், 70 லட்சம் பிரதிகளில் போன செய்தியைத் துரத்திப் பிடிக்க முடியுமா?

இருந்தாலும் ஒயிட் ஒரு நல்ல காரியம் செய்தார். அன்றிரவு எழுதிய கைக்குறிப்புகளையும், ஜாக்குலினின் பென்சில் திருத்தங்கள் உள்ள தட்டச்சுப் பிரதியையும் தூக்கிப்போடவில்லை. 1969இல் கென்னடி நூலகத்திடம் ஒப்படைத்தார். ஜாக்குலின் மறைந்து ஓராண்டு கழிந்த பிறகே திறக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1986இல் ஒயிட் இறந்தார். 1995 மே மாதம் அந்தக் காகிதங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. எந்த வரி நிருபருடையது, எந்த வரி விதவையுடையது என்று இன்று யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பத்திரிகைத் தொழிலுக்கு அவர் விட்டுப்போனவற்றில், புகழ்பெற்ற அந்தக் கட்டுரையைவிட இந்தக் காகிதங்களே மதிப்பு மிகுந்தவை. இன்று தலைவர்களின் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து பேட்டி எடுக்கும் ஒவ்வொரு செய்தியாளரும், அச்சுக்குப் போகும் முன் யார் பார்த்தார்கள், யார் திருத்தினார்கள் என்பதைக் கட்டுரையோடு சேர்த்து ஒரு வரி வெளியிட வேண்டும். அதற்கு 32 ஆண்டுகள் காத்திருக்கத் தேவையில்லை.